இரண்டு வாசல் பஸ்ஸும் ஓர் இருதரப்பு ஒப்பந்தமும்

நேற்று உங்கள் பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் பெரிய எழுத்தில் 'பைலேட்டரல்' என்று போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நிர்வாகம், அந்தப் பக்கம் தொழிற்சங்கம், நடுவில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். பாடம் எடுத்த அம்மா நன்றாகத்தான் எடுத்தார். எனக்குத்தான் அந்தப் படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. குலுக்கிக்கொள்கிற இரண்டு பேரைத்தான் எல்லாரும் வரைகிறார்கள். பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற மூன்றாவது ஆளை யாரும் வரைவதில்லை. பணியாளர் பிரிவில் நான் காலம் தள்ளியதில் பாதி, அந்த மூன்றாவது ஆளாகத்தான். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மூன்றாவது ஆளைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

முதலில் சொல்லுக்கு வருவோம். பேப்பர் படிக்கிறவர்களுக்கு இருதரப்பு என்றால் தெரியும். பல நாடுகள் கூடுகிற சபையில் போய்க் கேட்காமல், ஒரு நாடு இன்னொரு நாட்டோடு தனியாக உட்கார்ந்து வியாபாரமோ எல்லையோ பேசி முடித்துக்கொள்வது. நம் தொழிலில் அதற்கு எண்கள் வைத்திருந்தோம். நிர்வாகமும் சங்கமும் மட்டும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் 'பதினெட்டு ஒன்று'. தொழிலாளர் துறை அதிகாரி நடுவில் உட்கார்ந்து முடித்துவைத்தால் 'பன்னிரண்டு மூன்று'. சட்டத்தில் அந்தப் பிரிவுகளின் எண்கள் அவை. இப்போது சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள். விஷயம் மாறவில்லை. அதிகாரி முன்னால் போட்டது தொழிற்சாலையில் இருக்கிற எல்லாரையும் கட்டும். இரண்டு பேர் தனியாகப் போட்டது, போட்ட இரண்டு பேரை மட்டும்தான் கட்டும். கையெழுத்துப் போடாதவனுக்கு அதில் பாத்தியதை கிடையாது. இந்தக் கடைசி வரியைப் பரீட்சைக்குப் படித்து நாமெல்லாம் மார்க் வாங்கிவிடுகிறோம். அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில்.

அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துக்கெல்லாம் எதனால் தெரிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எங்கள் தொழிற்சாலை அந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, லாரிக்கு வேண்டிய ஸ்பிரிங் செய்தோம். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற கம்பெனி வரிசையெல்லாம் அப்போது கிடையாது. சுற்றிலும் ஏரியும் வயலும், நடுவில் எங்கள் ஷெட்டு.

பணியாளர் பிரிவில் உதவி அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவன் நான், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். இன்னொருவன் அற்புதராஜ், படப்பைக்காரன். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே சம்பளம், ஒரே அளவு மேஜை. ஆனால் அவன் ஷாப்புக்குள் நுழைந்தால் ஒரு மெஷின் விடாமல் "ண்ணா, டீ சாப்டியா" என்று குரல் வரும். நான் நுழைந்தால் "திருச்சி சார் வர்றாரு" என்று எச்சரிக்கை போகும். அவன் "இன்னா பா, கொயந்தைக்கு ஜொரம் வுட்டுச்சா?" என்று கேட்பான். அதையே நான் "குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டால், ஏதோ விசாரணைக்குக் கூப்பிட்ட மாதிரி நின்றுகொண்டு பதில் சொல்வார்கள். அவர்கள் பேச்சை நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். "இன்னா நைனா" என்று சொன்னதும் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

பொறாமைதான். வேறு நாகரிகமான பெயர் வைத்து அதைச் சுற்றி மூடுவதற்கு இந்த வயதில் எனக்கு அவசியமில்லை.

சங்கங்களும் இரண்டு. பெரிய சங்கம் தேசிங்கு என்பவர் கையில் இருந்தது. படப்பை, சேரப்பணஞ்சேரிப் பக்கத்து ஆட்கள் அதில் அதிகம். சின்ன சங்கம் வேலாயுதம் என்பவருடையது. அதில் பெரும்பாலும் மண்ணூர்ப் பக்கத்து ஆட்கள். மேனேஜர் எங்கள் இரண்டு பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பெரிய சங்கம் அற்புதராஜுக்கு, சின்ன சங்கம் எனக்கு. எதற்கு அப்படி என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

அற்புதராஜ் பெரிய சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் முடித்தான். தொழிலாளர் அதிகாரியிடம் போகாமல், வாசலில் கொடி கட்டாமல், ஒரே உட்காரலில் முடிந்த பதினெட்டு ஒன்று. அதில் ஒரு பஸ் இருந்தது. தாம்பரத்திலிருந்து படப்பை, சேரப்பணஞ்சேரி வழியாகத் தொழிற்சாலைக்கு வருகிற வாடகை பஸ். அதுவரை அந்த வழி ஆட்கள் சைக்கிள் மிதிப்பார்கள், இல்லையென்றால் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கூட்ரோட்டில் இறங்கி நடப்பார்கள். 'கையெழுத்திட்ட சங்கத்தின் உறுப்பினர்களுக்கு' என்று தேசிங்கு ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார், அற்புதராஜ் சேர்த்தான். சட்டப்படி சரி. சின்ன சங்கத்து ஆட்கள் மண்ணூர்ப் பக்கம்தானே, இந்த வழியில் யார் வரப்போகிறார்கள் என்று அவன் நினைத்தான். மேனேஜர் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன். அவ்வளவு கசந்த ஜாங்கிரியை அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான் தின்றதில்லை.

பஸ் பழைய டவுன் பஸ், இரண்டு வாசல் வைத்தது. யார் பெரிய சங்கம் என்று பார்த்து ஏற்ற ஒரு வாசல் போதுமென்று பின் வாசலைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். முன் வாசலில் டைம் ஆபீஸ் ஆள் ஒருவர் நின்றார். சட்டையில் பெரிய சங்கத்தின் பச்சை பேட்ஜ் இருந்தால் ஏறலாம்.

இப்போது முனுசாமி வருகிறான். சேரப்பணஞ்சேரிக்காரன், எங்கள் அசெம்பிளி லைனில் வேலை. கூட்ரோட்டில் மணல் லாரி தட்டி, சைக்கிளோடு விழுந்து, காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். நீண்ட லீவு முடிந்து கோலூன்றித் திரும்பி வந்திருந்தான். சைக்கிள் மிதிக்க முடியாது. டவுன் பஸ் என்றைக்கு வரும், என்றைக்கு நிற்காமல் போகும் என்று சொல்ல முடியாது. கூட்ரோட்டில் இறங்கி அந்தக் காலோடு நடந்து வருவதற்குள் ஷிஃப்ட் ஆரம்பித்துவிடும். ஒரு ஆள் குறைந்தால் லைன் ஓடாது. மேனேஜர் அவனை நேரில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், இனி ஒருமுறை லேட்டாக வந்தால் வேலை கிடையாது என்று.

அவன் வீட்டு வாசலிலேயே அந்த பஸ் நின்று போனது. ஆனால் அவன் சின்ன சங்கம்.

என்னிடம் வந்தான். என் சங்கத்து ஆள் என்பதால் வந்தான், பிரியப்பட்டு வரவில்லை.

"சார், எங்க வூட்டாண்டயே நிக்குது சார் பஸ்ஸு. எம் மச்சான் ஏகாம்பரம் பக்கத்து வூடு, அவன் ஏறிகினு போறான். நான் குச்சிய வெச்சிகினு பாத்துகினு நிக்கிறேன்."

"நீ அந்தச் சங்கத்துக்கு மாறிட்டா ஏத்திக்குவாங்களே" என்றேன். என் வேலைக்கு அப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் அவனுடைய வேலை அதைவிடப் பெரியது என்று அப்போது தோன்றியது.

"அற்புதண்ணாவும் அதான் சொன்னாரு சார்." பார்த்தீர்களா, என்னிடம் வருவதற்கு முன்னாலேயே அங்கே போய்விட்டு வந்திருக்கிறான். "முடியாது சார். லாரி தட்டிட்டு நான் ரோட்ல கெடந்தப்போ வேலாயுதண்ணன்தான் டிவிஎஸ் பிஃப்டில குந்த வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாரு. என் ரத்தம் இன்னும் அவுரு சட்டைல கீது. பஸ்ஸுக்காக அவர வுட்டுட்டு வந்தா, நாளைக்கு அவுரு மூஞ்சிய எப்டி சார் பாக்கறது?"

மேனேஜரிடம் போனேன். ஒரு ஆளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள் என்றேன். "ஒருத்தனுக்கு விட்டா ஒப்பந்தம் உடைஞ்சது. தேசிங்கு நாளைக்கே வாசல்ல வந்து உட்காருவார். வேண்டாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

தேசிங்குவிடம் போனேன். அவர் நல்ல மனிதர், அதனால்தான் பேசுவது கஷ்டம். "சார், அந்த பஸ்ஸ நாங்க பேசி வாங்கினது. அவங்க வாசல்ல நின்னு நம்மள கேலி பண்ணிகினு இருந்தாங்க. இப்போ சொம்மா ஏறி குந்திக்குவாங்களா? முனுசாமி நல்ல பையன்தான். எங்களாண்ட வரட்டும், ஜன்னல் சீட்டே தரேன்."

வேலாயுதத்திடம் போனேன். அவர் இன்னும் மோசம். அவருக்கு அந்த பஸ் தேவையே இல்லை, மண்ணூருக்கு அது போகாது. ஆனாலும் அவருக்கு அது கிடைக்கவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. "எங்களுக்கு மண்ணூருக்குத் தனி பஸ் வுடச் சொல்லுங்க சார். அவங்க பஸ்ல எங்க ஆளு ஒருத்தனும் ஏற மாட்டான். முனுசாமியும்தான். நானே சொல்லிட்டேன் அவனாண்ட." அந்த மனிதரின் முகத்தில் என் முகத்தையே பார்த்தேன். அற்புதராஜுக்குக் கொடுத்த மின்விசிறி எனக்கும் வேண்டுமென்று நான் கேட்டபோது, என் ஜன்னலில் காற்று நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

ஆக, பெரிய சங்கம் ஏற்ற மாட்டேன் என்றது. சின்ன சங்கம் ஏறக்கூடாது என்றது. நடுவில் குச்சியோடு ஒருவன்.

மறுநாள் காலை ஏகாம்பரம் ஒரு காரியம் செய்தான். பஸ்ஸில் ஏறியவன், மச்சான் டவுன் பஸ்ஸுக்காக நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டான். ஒரே வாசலில் பேட்ஜ் பார்த்து மற்றவர்கள் ஏறி முடிவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சைக்கிளை எடுத்துவந்து, முனுசாமியைக் கேரியரில் உட்கார வைத்து, குச்சியை ஹேண்டில்பாரில் குறுக்கே வைத்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தான். பெரிய சங்கத்தான் சின்ன சங்கத்தானை ஏற்றிக்கொண்டு வருகிறான். கொஞ்ச தூரத்தில் பஸ் அவர்களை எட்டிவிட்டது. டிரைவர் ஒதுங்கித் தாண்டப் போனபோது, உள்ளே இருந்த பெரிய சங்கத்து ஆட்களே சொல்லியிருக்கிறார்கள், "தாண்டாதபா, பின்னாடியே போ" என்று. யார் முதலில் சொன்னது என்பது கடைசிவரை எனக்குத் தெரியவரவில்லை.

தொழிற்சாலை வாசலில் நின்றிருந்த நான் பார்த்தது இதுதான்: முதலில் ஒரு சைக்கிள், அதற்குப் பின்னால் ஹாரன் அடிக்காமல் ஒரு பஸ், கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை கார் வருகிற வேகத்தில். மொத்த ஷிஃப்டும் லேட். முனுசாமி ஒருவன் லேட்டானால் அவனை அனுப்பிவிடலாம். எல்லாரும் லேட்டானால் யாரை அனுப்புவது?

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மனிதர் கோபத்தில் உட்காரவே இல்லை.

"லைன் நின்னுருக்கு. வாசல்ல என்ன ஊர்வலம் நடக்குது? உறுப்பினர்களுக்கு மட்டும்னு அந்த வரியை யார் எழுதினது?"

என்ன சந்தர்ப்பம் பாருங்கள். சேர்ந்த நாளிலிருந்து நான் காத்திருந்தது. சொல்லக்கூட வேண்டாம், சும்மா அற்புதராஜைத் திரும்பிப் பார்த்தால் போதும். நான் பார்ப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"நான்தான் சார் எழுதினேன். அந்த வழியில அவங்க ஆளு யாரும் இல்லன்னு நெனச்சேன். ஒருத்தன் இருந்தான். என் தப்பு."

அந்தச் சந்தோஷத்தையும் எனக்கு அவன் விட்டுவைக்கவில்லை. மேனேஜருக்கு அவனைத் திட்டவும் வழியில்லாமல் போயிற்று. பிறகு சொன்னார்: நாளைக் காலை பஸ் நேரத்துக்கு வர வேண்டும், எல்லாரும் நேரத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கு நடந்ததற்கு முனுசாமிக்கு வேலை கிடையாது, ஏகாம்பரத்துக்குக் குற்றப்பத்திரிகை. "போங்க" என்றார்.

கேண்டீனில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவன் இரண்டு டீ சொன்னான். அவனுக்கு வந்ததில் ஏடு இருந்தது, எனக்கு வந்ததில் இல்லை. இதைக்கூடவா கவனித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாவற்றையும் கவனித்தேன். வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே இருப்பவனைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்கு நான் அவனிடம் சொன்ன யோசனையும் அப்படித் தெரிந்ததுதான்.

"இதுல நமக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"இன்னா பா சொல்ற?"

"நீங்க தேசிங்குவோட பேசுறீங்க. நான் வேலாயுதத்தோட பேசுறேன். ரெண்டுமே இருதரப்புப் பேச்சு, ரெண்டுமே தப்பான இருதரப்பு. நிர்வாகத்துக்கு அந்த பஸ்ஸுல யார் ஏறினா என்ன? டீசல் அதேதான். சண்டை அவங்க ரெண்டு பேருக்குள்ள. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசினதே இல்ல. எதுவானாலும் நம்மகிட்டதான் வர்றாங்க. நாம ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தருக்கு எரியுது. அவங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசட்டும், நாம அந்த ரூம்ல இருக்கவே கூடாது."

அற்புதராஜ் டீயைக் கீழே வைத்தான். "ரெண்டு சங்கமும் ஒண்ணா குந்திப் பேச ஆரம்பிச்சிட்டா, அப்பறம் நம்ம கதி இன்னா? மேனேஜர் நம்மள உரிச்சிடுவாரு பா."

"முனுசாமிக்கு நாளைக்கு வேலை இருக்காது."

மீதி டீயைக் குடித்து முடித்தான். பிறகு எழுந்தான். "நான் தேசிங்க இட்டாறேன். நீ வேலாயுதத்த இட்டா."

தேசிங்கு அற்புதராஜின் ஒரு வார்த்தைக்கு வந்துவிட்டார். வேலாயுதத்தை நான் மதியம் முழுக்கக் கெஞ்சினேன். தேசிங்குவோடு ஒரே ரூமில் உட்காரமாட்டேன், உட்கார்ந்தாலும் முதலில் பேசமாட்டேன், பேசினாலும் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றார். கடைசியில் "முனுசாமியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லி உங்ககிட்ட சொன்னது யாரு? யாரும் சொல்லலையே. அன்னைக்கு அவன்கிட்ட பேட்ஜ் பாத்தா தூக்கினீங்க?" என்று கேட்டேன். அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

இரண்டு பேரையும் ஸ்டோர்ஸ் ரூமில் விட்டுக் கதவைச் சாத்தினோம். வெளியே ஒரு பெஞ்சு. அதில் நானும் அற்புதராஜும் உட்கார்ந்தோம். அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அவனும் வெளியே இருந்தான். அந்த நேரத்தில் எனக்கு உண்டான திருப்தியை நான் மறைக்கப்போவதில்லை.

உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு நாற்காலி தேய்ந்தது. பிறகு கத்தல், யாருடையது என்று பிரிக்க முடியாத கத்தல். "பேஜாராச்சி பா, உள்ள போலாமா?" என்று அற்புதராஜ் எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் இது ஒன்றைத்தான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் உங்களுக்குச் சொல்வேன். கத்தும்போது உள்ளே போகாதீர்கள். நீங்கள் உள்ளே போன நிமிஷமே இரண்டு பேரும் உங்களிடம் திரும்பிவிடுவார்கள், ஒருவரிடம் ஒருவர் பேசுவது அதோடு நின்றுவிடும்.

கத்தல் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டு பேருடைய சிரிப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் இல்லாமல் என்ன சிரிப்பு?

கதவு திறந்தது. தேசிங்குதான் பேசினார். "செட்டில்மென்டு செட்டில்மென்டாவே இருக்கட்டும் சார். அதுல ஒரு எழுத்து மாத்தக்கூடாது. முன் வாசல் எங்களுது. பேட்ஜ் இல்லாம முன் வாசல்ல எவனும் ஏறக்கூடாது."

"அப்புறம்?"

வேலாயுதம் சொன்னார். "பின் வாசல் யாருதுன்னு செட்டில்மென்டுல எழுதலியே சார். கம்பி போட்டு கட்டிதானே வெச்சிகீறீங்க. அது எங்களுது. அவங்க தயவுல ஏறல. எங்க வாசல்ல நாங்க ஏறிக்கிறோம்."

"உள்ள போனதும்?" என்று கேட்டேன்.

"உள்ள போனதும் எங்க எடம் கீதோ அங்க குந்த வேண்டியதுதான். அதுக்கு இன்னா?" என்றார் தேசிங்கு, நான் ஏதோ தெரியாதவன் போல.

இப்படி ஒரு ஷரத்தை எந்தச் சட்டம் படித்தவனும் எழுதியிருக்க மாட்டான். ஒரே பஸ்ஸுக்கு வாசல் வாசலாக உரிமை. ஆனால் இரண்டு பேருடைய மானமும் அதில் நின்றது. ஒருவர் வாங்கியது போகவில்லை, இன்னொருவர் பிச்சை வாங்கவில்லை. ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸுக்கு வேலாயுதமே கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய்ப் பின் வாசல் கம்பியை அறுத்தார். தேசிங்கு பக்கத்தில் நின்று, "பாத்து, கைய கிழிச்சிக்காத" என்றார்.

மறுநாள் காலை வாசலில் நானும் அற்புதராஜும் நின்றோம். நான் முந்தியே வந்துவிட்டேன். பஸ் நேரத்துக்கு வந்தது. முன் வாசலில் இருந்து பச்சை பேட்ஜ்கள் இறங்கின. பின் வாசலில் இருந்து முனுசாமி ஒருவன்தான் இறங்கினான். முதலில் குச்சி, பிறகு நல்ல கால், பிறகு கம்பி வைத்த கால். முன் வாசல் வழியாக ஏறிய ஏகாம்பரம் உள்ளே நடந்துவந்து, பின் வாசலில் நின்று, அவன் தோளைப் பிடித்து இறக்கிவிட்டான். இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்ததாகப் பிறகு டிரைவர் சொன்னார். ஏகாம்பரம் மறுபடியும் முன் வாசலுக்கு நடந்துபோய் அந்த வழியாகத்தான் இறங்கினான். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

முனுசாமி எங்களை நோக்கி வந்தான். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவன் என்னைத் தாண்டிப் போய் அற்புதராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். குச்சி கீழே விழுந்துவிட்டது.

"ண்ணா, நீ இல்லன்னா எம் பொயப்பே போயிருக்கும்ண்ணா."

"நான் இன்னாபா செஞ்சேன்? இவருதான் செஞ்சாரு. இவரு யோசனதான் எல்லாம்" என்று அற்புதராஜ் என்னைக் காட்டினான். மனதாரத்தான் சொன்னான், அதில் ஒரு துளி நடிப்புக் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முனுசாமி என்னைப் பார்த்து, "தேங்ஸ் சார்" என்றான். மரியாதையாகச் சொன்னான். சொல்லிவிட்டு, மறுபடியும் அற்புதராஜ் பக்கம் திரும்பி, விட்ட கையைப் பிடித்துக்கொண்டான். கீழே கிடந்த குச்சியை நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு லைன் நேரத்துக்கு ஓடியது. முனுசாமியின் வேலை தப்பியது. அடுத்த ஒப்பந்தத்துக்கு அற்புதராஜ் பயந்தபடியே தேசிங்குவும் வேலாயுதமும் சேர்ந்து வந்து எதிரே உட்கார்ந்தார்கள். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. பஸ் ஓடியதற்குப் பெயர் அற்புதராஜுக்கு, சங்கங்கள் சேர்ந்ததற்குப் பெயர் எனக்கு.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இருதரப்புப் பேச்சு நல்லது. சீக்கிரம் முடியும், வெளி ஆள் தேவையில்லை, பேசினவர்களுக்குள் நம்பிக்கை வளரும். ஆனால் மேஜையில் உட்காருவதற்கு முன்னால், எந்த இரண்டு தரப்பு என்று கேளுங்கள். பல சமயம் நிர்வாகம் அதில் ஒரு தரப்பாகவே இருக்காது. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, எழுந்து கதவைத் திறந்து, வெளியே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

முனுசாமி ஓய்வு பெறுகிற வரை அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தான். வருடா வருடம் பொங்கலுக்கு, சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு கட்டுக் கரும்பு படப்பையில் அற்புதராஜ் வீட்டுக்குப் போகும். கிறிஸ்தவ வீடு, அவனுக்குப் பொங்கலே கிடையாது. "யோவ், இது உனக்கு வந்திருக்க வேண்டியது பா, பாதி எடுத்துக்கோ" என்று அவன் ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டான். வேண்டாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். எனக்கு வேண்டிய கரும்பை நான் படப்பைச் சந்தையில் நின்று காசு கொடுத்து வாங்கினேன். இப்போதும் அப்படித்தான் வாங்குகிறேன். நன்றாக இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அந்தக் கட்டில் இருந்து வந்த கரும்பு இல்லையே.